எதிர்பாராத எண்ணை எறிந்துவிடாதீர்கள்

பண்டத்தரிப்பு, சில்லாலை, சண்டிலிப்பாய், இளவாலை, சுழிபுரம் என்று வலிகாமத்தின் இந்தப் பக்கத்திலிருந்து கணினி படிக்கப் போயிருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,



பணிசெயல் முறைமைப் பாடத்துக்காக நினைவகத்தை அளந்து பார்க்கும் செயற்றிட்டம் உங்களில் பலருடைய கையில் இப்போது இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், கிளிநொச்சியில் உள்ள அதன் பொறியியல் பீடத்தில் படித்தாலும், மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ போயிருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சின்னச் செய்நிரல் ஒன்றை எழுதவேண்டும், நேரத்தை அளக்கவேண்டும், வரைபு கீறவேண்டும், பிறகு நாலு பக்கம் விளக்கம் எழுதவேண்டும். அந்த நாலு பக்கத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நினைத்ததற்கு மாறான எண் ஒன்று அளவீட்டில் வந்துவிட்டால் சிலர் அதை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுகிறார்கள். பாடப்புத்தகம் சொன்ன விடை வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வேறு சிலர் அந்த எண்ணில் மயங்கி அதையே றிப்போட்டின் தலைப்பாக்கிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும், முறைமை உள்ளே என்ன செய்தது என்று அறியும் சந்தர்ப்பம் கைவிட்டுப் போகிறது. நான் உங்களிடம் கேட்பது இதுதான்: அந்த எண் ஏன் வந்தது என்று ஒரு காரணம் சொல்லுங்கள். அந்தக் காரணம் உண்மையானால் இன்னும் அளக்காத வேறோர் எண் எப்படி இருக்கவேண்டும் என்று முதலிலேயே எழுதிவையுங்கள். பிறகு அளந்து பாருங்கள். சொன்னபடி வந்தால் மட்டும் அந்த விளக்கத்தை நம்புங்கள்.

உங்கள் மடிக்கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஓர் உதாரணத்தோடு தொடங்குகிறேன். லினக்ஸில், சீ மொழியில் 1 கிகாபைற்று இடம் கேட்கிறீர்கள். மலொக் உடனே தந்துவிடுகிறது. அந்த இடத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து எல்லா எண்களையும் கூட்டுகிறீர்கள். ஒரு தடவை சும்மா ஓடவிட்டு, இரண்டாம் தடவையின் நேரத்தை எடுக்கிறீர்கள். செக்கனுக்கு 40 கிகாபைற்று வாசித்ததாக விடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

சந்தோசப்படுவதற்கு முன்னர் கடதாசியில் ஒரு பெருக்கல் செய்யவேண்டும். டிடிஆர்4-2400 வகை நினைவகம் ஒரு தடத்தில் செக்கனுக்கு 240 கோடி தடவை, தடவைக்கு 8 பைற்று வீதம் அனுப்பும். பெருக்கினால் 19.2 கிகாபைற்று. மடிக்கணினியில் நினைவகத் துண்டு ஒன்றுதான் பூட்டியிருக்கிறது என்றால் அதற்கு மேல் வர வழியே இல்லை. அப்படியிருக்க 40 வருகிறதென்றால், நீங்கள் வாசித்த தரவு நினைவகத்திலிருந்து வரவில்லை. இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிமிடம் போதும். எந்த அளவீட்டுக்கும் வன்பொருள் விதிக்கும் ஒரு கூரை உண்டு. அந்தக் கூரை எங்கே என்று தெரியாமல் அளக்கத் தொடங்கினால், வந்த எண் நல்லதா, நடக்கவே முடியாததா என்று கண்டுபிடிக்க முடியாது.

முதற் சந்தேகம் தொகுப்பான்மேல் விழவேண்டும். கூட்டுத்தொகையை நீங்கள் எங்கும் அச்சிடாவிட்டால், பயனில்லாத வேலை என்று அந்தச் சுற்று முழுவதையும் தொகுப்பான் நீக்கிவிடக்கூடும். ஆனால் அப்போது நேரம் ஏறத்தாழப் பூச்சியமாகியிருக்கும். இங்கே வேலை நடந்திருக்கிறது, நடக்கமுடியாத வேகத்தில் நடந்திருக்கிறது.

காரணம் கேர்னலில் இருக்கிறது. இவ்வளவு பெரிய இடம் கேட்டால் லினக்ஸ் முகவரிகளை மட்டும் ஒதுக்கித் தரும். அவற்றுக்குப் பின்னால் மெய்யான நினைவகம் அந்த நேரத்தில் இல்லை. ஒரு பக்கத்தை முதன்முதல் தொடும்போதுதான் பக்கத் தவறு எழும்பி, கேர்னல் அங்கே எதையாவது வைத்தாக வேண்டி வருகிறது. எழுத வந்தால் உங்களுக்கென்று புதிய பக்கம் ஒன்றைத் துடைத்துத் தரும். வாசிக்க மட்டும் வந்தால், பூச்சியங்கள் நிரம்பிய பொதுப்பக்கம் ஒன்றைக் காட்டிவிடும். 1 கிகாபைற்றில் 4 கிலோபைற்றுப் பக்கங்கள் 262,144 இருக்கின்றன. அத்தனை முகவரிப் பக்கங்களும் அந்த ஒரே மெய்ப்பக்கத்தைத்தான் சுட்டுகின்றன. 4 கிலோபைற்று, புரொசெசரின் முதல்மட்டப் பதுக்கு நினைவகத்தில் தாராளமாக அடங்கும். பழைய மடிக்கணினிகளிலும் அது 32 கிலோபைற்று இருக்கும். ஆகவே நினைவகத்தின் வேகமென்று நினைத்து நீங்கள் அளந்தது பதுக்கு நினைவகத்தின் வேகம்.

கேட்கும்போது இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருத்தமாக இருப்பதாலேயே ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. ஆகவே முன்கூட்டியே எழுதிவையுங்கள். வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரேயொரு பைற்றை எழுதினால், வேகம் 19.2 இன் கீழே இறங்கவேண்டும். எழுதாமல் வாசித்து முடித்தபோது செய்நிரல் பிடித்திருக்கும் மெய்நினைவகம் சில மெகாபைற்றாகவே இருக்கவேண்டும். எழுதிய பிறகு 1 கிகாபைற்றைத் தாண்டவேண்டும். முதல் தடவை ஓடும்போது சிறிய பக்கத் தவறுகள் ஏறக்குறைய 262,000 எழவேண்டும். இரண்டாம் தடவையில் அநேகமாக எதுவும் எழக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் உங்கள் விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது. உதாரணமாகத் தவறுகள் 262,000 வராமல் ஏறக்குறைய 512 தான் வந்தால், உங்கள் கணினி 2 மெகாபைற்றுப் பெரும்பக்கங்களைத் தானாகப் பயன்படுத்துகிறது. பூச்சியத்துக்கும் 2 மெகாபைற்றுப் பக்கம் ஒன்றைத்தான் காட்டியிருக்கிறது. அது முதல்மட்டத்தில் அடங்காது. அடுத்த மட்டங்களிலிருந்து வந்திருக்கும். அதனால் வேகமும் வேறாக இருக்கும். நண்பனுடைய கணினியில் ஏன் வேறு எண் வந்தது என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த வசதி எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது லினக்ஸ் வழங்கலுக்கு வழங்கல் மாறும்.

இந்தப் பூச்சியப் பக்கத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 2008 சனவரியில் வெளிவந்த 2.6.24 ஆம் கேர்னல் அதை நீக்கிவிட்டது. பல புரொசெசர்கள் உள்ள பெரிய கணினிகளில் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தின் கணக்கையே மாற்றி மாற்றி எழுதியதால் நெரிசல் உண்டானது. 2009 டிசம்பரில் வந்த 2.6.32, அந்த நெரிசல் வராத விதத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இடையில் வந்த கேர்னல்களில் இதே செய்நிரலை ஓட்டியிருந்தால் வேறொரு முடிவு எழுதியிருப்பீர்கள். றிப்போட்டில் கேர்னலின் பதிப்பு எண்ணை எழுதச் சொல்லி விரிவுரையாளர் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

எண் கூடிப்போவதைப் பார்த்தோம். எதிர்பாராத இடத்தில் குறைவதும் உண்டு. ஓர் அணியின் அளவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு, எழுமாறான இடங்களில் வாசித்து, ஒரு வாசிப்புக்கு எத்தனை நானோசெக்கன் என்று வரைபு கீறுகிறீர்கள். உங்கள் புரொசெசரின் மூன்றாம்மட்டப் பதுக்கு நினைவகம் 8 மெகாபைற்று. ஆகவே 8 இல் வளைவு ஏறத் தொடங்கும் என்று காத்திருக்கிறீர்கள். அதுவோ 6 மெகாபைற்றைத் தாண்டியதுமே ஏறத் தொடங்கிவிடுகிறது. "பின்னணியில் வேறு ஏதோ ஓடியிருக்கும்" என்று எழுதிவிட்டு நகர்வது மிகச் சுலபம்.

அப்படி நகராதீர்கள். மெய்நிகர் முகவரியை மெய்முகவரியாக மாற்றிய விடைகளைப் புரொசெசர் ரி.எல்.பி. என்ற சிறிய பட்டியலில் வைத்திருக்கிறது. இன்டெலின் ஸ்கைலேக் வகைப் புரொசெசர்களில் இரண்டாம்மட்ட ரி.எல்.பி.யில் 1536 பதிவுகள் இருக்கின்றன. பதிவுக்கு 4 கிலோபைற்றுப் பக்கம் ஒன்று என்றால் மொத்தம் 6 மெகாபைற்று. அதற்கு மேல் போனால் தரவு பதுக்கு நினைவகத்திலேயே இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று பக்க அட்டவணையைத் திறந்து பார்க்கும் வேலை ஒவ்வொரு வாசிப்போடும் சேர்ந்துவிடுகிறது. இந்த விளக்கம் சரியென்றால் 2 மெகாபைற்றுப் பக்கங்களுக்கு மாறியதும் அதே 1536 பதிவுகள் 3 கிகாபைற்றுக்குப் போதும். அப்போது 6 இல் இருந்த வளைவு மறையவேண்டும். 8 ஐ ஒட்டிய வளைவு அப்படியே நிற்கவேண்டும். இரண்டும் நடந்தால் உங்கள் கையில் ஓர் அறிவு இருக்கிறது. 6 இல் உள்ள வளைவு அசையாமல் நின்றால் குற்றவாளி வேறு ஆள். தேடலைத் தொடருங்கள்.

இப்படித் தேடியவர்களால்தான் இந்தத் துறையே வளர்ந்தது. பெலாடி முரணைப் பரீட்சைக்காக எல்லோரும் போட்டுப் பழகியிருப்பீர்கள். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்கள் கேட்கப்படுகின்றன. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் முறையில், 3 சட்டகம் இருந்தால் 9 தவறு, 4 சட்டகம் இருந்தால் 10 தவறு. நினைவகத்தைக் கூட்டத் தவறும் கூடுகிறது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த பெலாடி, நெல்சன், ஷெட்லர் மூவரும் 1969 இல் இதை வெளியிட்டார்கள். கூடுதல் நினைவகம் ஒருபோதும் கெடுதல் செய்யாது என்பது எவருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதற்கு நேர்மாறான எண்ணை அவர்கள் மறைக்கவில்லை. பன்னிரண்டு எண்களில் எவரும் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அதைவிட முக்கியமானது அடுத்த வருடம் நடந்தது. 1970 இல் மற்சன், கெச்சி, ஸ்லட்ஸ், ட்ரைகர் என்ற நால்வர், எந்த முறைகளில் இந்த முரண் வரவே முடியாது என்று நிறுவினார்கள். சிறிய நினைவகத்தில் எந்த நேரத்தில் எவை இருக்கின்றனவோ, அவை எல்லாம் பெரிய நினைவகத்திலும் அந்த நேரத்தில் கட்டாயம் இருக்குமானால் முரணுக்கு இடமில்லை. கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பார்த்து மிகப் பழையதை வெளியேற்றும் முறை இந்த நிபந்தனைக்கு உட்படுகிறது. மேலே உள்ள வரிசையை அந்த முறையில் போட்டுப் பாருங்கள். 3 சட்டகத்தில் 10 தவறு, 4 இல் 8. இந்தத் தேற்றத்தோடு இன்னொரு நன்மையும் வந்தது. இத்தகைய முறைகளுக்கு ஒவ்வொரு நினைவக அளவாக வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டவேண்டியதில்லை. வரிசையை ஒருமுறை வாசித்தாலே எல்லா அளவுகளுக்கும் தவறுகளின் எண்ணிக்கையைக் கணித்துவிடலாம். பரீட்சையில் 9, 10 என்று எழுதிப் புள்ளி எடுப்பதோடு நின்றுவிட்டால் இந்த அழகு முழுவதும் தவறிப்போகும்.

எண்ணைப் பிழையாக விளங்கினால் என்ன விலை கொடுக்கவேண்டி வரும் என்பதற்கும் அந்தக் காலமே சாட்சி. 1960களில் பல செய்நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டிய கணினிகள் திடீரென்று ஸ்தம்பித்துப்போயின. புரொசெசர் அநேகமாகச் சும்மா இருந்தது. புரொசெசர் சும்மா இருக்கிறதே, இன்னும் வேலை கொடுக்கலாம் என்று மேலும் செய்நிரல்களை உள்ளே விட்டார்கள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒவ்வொரு செய்நிரலும் தனக்குத் தேவையான பக்கங்களை வைத்திருக்க இடமின்றி மற்றதன் பக்கத்தைத் தள்ளிவிட, எல்லாமே தட்டிலிருந்து பக்கம் வரும்வரை காத்துக்கிடந்தன. புரொசெசர் ஓய்வாக இருந்ததன் காரணமே வேலை மிதமிஞ்சிப் போனதுதான். பீற்றர் டெனிங் 1968 இல் எழுதிய கட்டுரைகளில் இதை விளக்கினார். ஒரு செய்நிரல் அண்மையில் தொட்ட பக்கங்களின் தொகுதியை அதன் செயற்படு கணம் என்று வரையறுத்து, அந்தக் கணத்துக்கு இடம் இல்லாவிட்டால் அந்தச் செய்நிரலை உள்ளே விடக்கூடாது என்றார். புரொசெசர் எவ்வளவு ஓய்வாக இருக்கிறது என்று சொன்ன எண்ணில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. அதற்குக் கொடுத்த பொருள்தான் பிழைத்தது.

இதை அரைநூற்றாண்டுக்கு முந்திய கதையாக மட்டும் எடுக்காதீர்கள். எங்களுடைய ஊர்ப் பாடசாலை ஒன்றின் கணினிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணினிகள் மெதுவாக இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் காசு அனுப்பச் சம்மதிக்கிறார்கள். நினைவகத்தைக் கூட்டுவதா, பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பூட்டுவதா என்ற கேள்வி வருகிறது. ஊரில் கணினி படித்த பிள்ளை என்று உங்களைத்தான் கேட்பார்கள். பாட நேரத்தில், பிள்ளைகள் வழக்கமாகத் திறப்பவற்றைத் திறந்து வேலை செய்யும்போது அளந்து பாருங்கள். சுவாப் பகுதிக்குப் பக்கங்கள் ஓயாமல் போய்வருகின்றன, தட்டைத் தேடிப் போகும் பெரிய பக்கத் தவறுகள் குவிகின்றன, புரொசெசர் காத்துக்கிடக்கிறது என்றால் டெனிங் சொன்ன நோய்தான், நினைவகம் வாங்கலாம். சுவாப்பும் பெரிய பக்கத் தவறுகளும் அமைதியாக இருக்க, கணினியைத் தொடங்கும்போதும் மென்பொருளை முதன்முதல் திறக்கும்போதும் மட்டும் தாமதம் என்றால், கூடுதல் நினைவகம் அந்தத் தாமதத்தைக் குறைக்காது, எஸ்எஸ்டிதான் உதவும். "80 வீதம் நினைவகம் நிரம்பியிருக்கிறது" என்று திரையில் தெரியும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளை வைத்திருக்கப் பயன்படுத்துவது பணிசெயல் முறைமையின் நல்ல பழக்கம். அதை எந்தத் தலைப்பின்கீழ் காட்டுவது என்பது கருவிக்குக் கருவி மாறும்.

கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இந்தப் பழக்கம் அளவீட்டையும் தொடும். தோட்டக் கிணற்றில் விடிய அளந்தால் ஒரு மட்டம், இறைத்து முடித்த கையோடு அளந்தால் இன்னொரு மட்டம். எந்த நேரத்தில் அளந்தது என்று சொல்லாதவரை அந்த அளவால் எவருக்கும் பயனில்லை. அதுபோலத்தான் ஒரு கோப்பை முதல் தடவை வாசிக்கும் நேரமும் இரண்டாம் தடவை வாசிக்கும் நேரமும். முதலாவது தட்டின் வேகம், இரண்டாவது நினைவகத்தின் வேகம். இரண்டும் உண்மை. எதை அளக்க நினைத்தீர்கள், அளவீட்டுக்கு முன் முறைமையை எந்த நிலையில் வைத்தீர்கள் என்று எழுதினால்தான் வாசிப்பவர் விளங்கிக்கொள்வார்.

எங்களுடைய வெக்கையும் கரண்டும்கூட வரைபுக்குள் வந்துவிடும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மடிக்கணினி சூடேறினால் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கரண்ட் நின்று பற்றரியில் ஓடத் தொடங்கினால் பல கணினிகள் சிக்கன நிலைக்கு மாறும். பழைய முறையைக் காலையிலும் புதிய முறையை மத்தியானத்திலும் அளந்துவிட்டுப் "புதியது மெதுவானது" என்று எழுதினால், நீங்கள் ஒப்பிட்டது காலையையும் மத்தியானத்தையும். இரண்டையும் மாறி மாறி, முடிந்தால் எழுமாறான ஒழுங்கில் ஓட்டுங்கள். மின் இணைப்பு இருந்ததா, புரொசெசரின் வேகம் எத்தனை என்றும் கூடவே பதிந்துகொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கவனித்த பிறகும் எண் ஏமாற்றலாம். டொட் மிட்கோவிச், அமெர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீற்றர் சுவீனி ஆகியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வைக் கட்டாயம் தேடிப் படியுங்கள். லினக்ஸில் சூழல் மாறிகள் செய்நிரலின் அடுக்குக்கு முன்னால் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றின் மொத்த நீளம் மாறினால் அடுக்கு தொடங்கும் முகவரி நகர்கிறது. முகவரி நகர்ந்தால் தரவு பதுக்கு நினைவகத்தில் விழும் இடங்களும் ஒன்றோடொன்று மோதும் விதமும் மாறுகின்றன. பயனர்பெயரும் அந்த மாறிகளில் ஒன்று. அதாவது பெயரின் எழுத்துகள் கூடக் குறைய இருப்பதால் செய்நிரலின் நேரம் மாறக்கூடும். ஜிசிசி தொகுப்பானில் ஓ2 என்ற உகப்பாக்க நிலையைவிட ஓ3 நல்லதா என்ற கேள்விக்கே, சூழலின் நீளத்தைப் பொறுத்து "நல்லது" என்றும் "கெட்டது" என்றும் மாறி மாறி விடை வந்ததை அவர்கள் காட்டினார்கள். 2013 இல் சார்ளி கேர்ட்சிங்கரும் எமரி பேர்கரும், செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவக அமைப்பை எழுமாறாகக் கலைத்துக்கொண்டிருக்கும் ஸ்ரெபிலைசர் என்ற கருவியை உருவாக்கினார்கள். அமைப்பின் தற்செயலை இப்படி நீக்கியபின், எல்எல்விஎம் தொகுப்பானில் ஓ3 இன் பலனை ஓ2 இலிருந்து புள்ளிவிபர ரீதியாகப் பிரித்தறிய முடியவில்லை.

இதிலிருந்து நீங்கள் உடனே எடுத்துக்கொள்ளவேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே செய்நிரலுக்குள் ஆயிரம் சுற்று ஓட்டிச் சராசரி எடுத்தால், ஆயிரம் தடவையும் ஒரே நினைவக அமைப்பைத்தான் அளந்திருப்பீர்கள். செய்நிரலைப் பல தடவை முற்றாக நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். இன்றைய லினக்ஸ் ஒவ்வொரு தொடக்கத்திலும் முகவரிகளை எழுமாறாக மாற்றும். அந்தச் சிதறல் உங்கள் வரைபிலும் தெரியட்டும். சராசரி ஒன்றை மட்டும் போடாமல் இடையத்தையும், மிகக் குறைந்த, மிகக் கூடிய நேரங்களையும் காட்டுங்கள். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றால் சராசரி இரண்டுக்கும் நடுவில், எந்த ஓட்டத்திலும் வராத ஓர் எண்ணாக இருக்கும். அந்த இரண்டு கூட்டமும் ஏன் வந்தன என்பதே நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

இதெல்லாம் வெளிநாட்டுப் பெரிய ஆய்வுகூடங்களுக்குத்தான் சரிவரும் என்று நினைக்காதீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தையும் டில்லி ஐஐரியையும் சேர்ந்த அஷிஷ் பன்வார், சொரவ் பன்சல், கே. கோபிநாத் மூவரும் 2019 இல் ஹோக்ஐ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். எந்தச் செய்நிரலுக்குப் பெரும்பக்கம் கொடுப்பது என்று கேர்னல் எப்படித் தீர்மானிக்கவேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. நினைவகத்தை அதிகம் பிடித்திருக்கும் செய்நிரலுக்கே அதிக நன்மை கிடைக்கும் என்பது எவருக்கும் தோன்றும் விடை. அது எப்போதும் பொருந்தவில்லை. பெரிய நினைவகத்தை ஒழுங்காக வரிசையில் வாசிக்கும் செய்நிரலுக்கு முகவரி மாற்றும் செலவு மிகக் குறைவாக இருக்கலாம். அதைவிடச் சிறியது எழுமாறாக வாசித்தால் மிக அதிகமாக இருக்கலாம். ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டு, முகவரி மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதை வன்பொருளின் எண்ணிகளிடமே கேட்டு, அதன்படி பெரும்பக்கங்களைப் பங்கிட்டார்கள். பெரும்பக்கத்தைத் துடைக்கும் வேலையைப் பக்கத் தவறு நேரத்தில் செய்யாமல் முன்கூட்டியே பின்னணியில் செய்துவைத்தார்கள். ரெடிஸ் தரவுத்தளத்தின் ஆவணங்கள், தானியங்கிப் பெரும்பக்கங்களை அணைத்துவிடும்படி ஏன் ஆலோசனை சொல்கின்றன என்று யோசித்தவர்களுக்கு இந்த ஆய்வு நல்ல துணை. அந்த எண்ணிகள் உங்கள் மடிக்கணினியிலும் இருக்கின்றன. லினக்ஸின் பெர்ஃப் கருவியால் அவற்றை நீங்களும் வாசிக்கலாம்.

உங்கள் றிப்போட் எப்படி இருக்கவேண்டும் என்று நான் விரும்புவதையும் சொல்லிவிடுகிறேன். புரொசெசரின் பெயர், நினைவகத் துண்டுகள் எத்தனை, கேர்னல் பதிப்பு, தொகுப்பானும் அதன் நிலையும், பெரும்பக்கம் எந்த நிலையில் இருந்தது என்பவை முதற்பக்கத்தில் வரட்டும். அதற்கடுத்து வன்பொருளின் கூரையைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். பிறகு அளக்குமுன் நீங்கள் எதிர்பார்த்தது. அளந்த பின் மாற்றி எழுதாமல், முதலில் எழுதியபடியே. பிறகு வரைபுகள். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த ஒவ்வோர் இடத்துக்கும் காரணமும், அந்தக் காரணத்தைச் சோதித்த அளவீடும். கடைசியில் "விளங்காதவை" என்று ஒரு பகுதி. எவ்வளவு முயன்றும் காரணம் பிடிபடாத எண்களை ஒளிக்காமல் அங்கே வையுங்கள். எந்தெந்தக் காரணங்களைச் சோதித்து விலக்கினீர்கள் என்றும் எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் ஒருவருக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரைபு பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போனால் முழுப் புள்ளி, ஒத்துப்போகாவிட்டால் குறைப்பு என்று திருத்தினால், எண்ணைத் திருத்தத்தான் பிள்ளைகள் பழகுவார்கள். ஒத்துப்போகாத எண்ணைக் கொண்டுவந்து அதன் காரணத்தை நிறுவிய பிள்ளைக்கு மற்றவரைவிடக் கூடப் புள்ளி கொடுங்கள். "விளங்காதவை" பகுதியை நேர்மையாக எழுதியதற்கும் புள்ளி ஒதுக்குங்கள். சில வருடத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஆங்கிலத்தில் படிக்கும் பாடத்தை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று உங்களில் யாராவது கேட்கலாம். 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் பண்டத்தரிப்பில் வந்திருந்து மேல்நாட்டு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1847 இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மனித உடம்பின் நுட்பத்தைத் தமிழில் படித்து மருத்துவரானவர்கள் நடந்த மண் இது. பக்க அட்டவணையையும் ரி.எல்.பி.யையும் பற்றி எங்களுக்குள் தமிழில் வாதாடவும் முடியும். விளங்கியதை வீட்டு மொழியில் இன்னொருவருக்குச் சொல்லிப் பார்க்கும்போதுதான் எந்த இடம் உண்மையில் விளங்கவில்லை என்பது எங்களுக்கே தெரியவரும். ஆகவே உங்கள் விளக்கத்தை முதலில் ஒரு சிநேகிதனுக்கோ சிநேகிதிக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

நினைவக முகாமைத்துவத்தை நீங்கள் வாழ்நாள் முழுவதும் செய்யப்போவதில்லை. சிலர் வங்கிக்கு மென்பொருள் எழுதுவீர்கள், சிலர் வைத்தியசாலைத் தரவைக் கையாள்வீர்கள், சிலர் இங்கேயே பாடசாலையில் படிப்பிப்பீர்கள். எங்கே போனாலும் உங்கள் முன்னால் எண்கள் வைக்கப்படும். அந்த எண்களைக் கொண்டு மற்றவர்களுடைய காசும் நேரமும் பற்றி நீங்கள் முடிவெடுப்பீர்கள். அதற்கான பயிற்சியை, பிழைத்தாலும் எவருக்கும் நட்டம் வராத இந்தச் சிறிய செயற்றிட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தவணை நீங்கள் கையளிக்கும் றிப்போட்டில் எதிர்பாராத எண் ஒன்றாவது அழிபடாமல், சோதித்த காரணத்தோடோ "விளங்காதவை" என்ற தலைப்பின்கீழோ இருக்கட்டும்.

அன்போடும் நம்பிக்கையோடும்,
பண்டத்தரிப்பிலிருந்து, உங்களுக்கு முன்னால் இதே பாடத்தைப் படித்த ஓர் அண்ணன்